குதிரை தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தால்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும், எங்கள் செவலை முன்னங்காலால் தரையைப் பிறாண்டுகிற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனால் சாயங்காலம் போட்ட சோளத்தட்டு பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது, வாளித் தண்ணீர் குறையவே இல்லை, அது கழுத்தை வளைத்துத் தன் விலாவைத் திரும்பிப் பார்க்கிறது, கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறது, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டுகிறது, மறுபடியும் விலாவைப் பார்க்கிறது. அங்கே ஈயும் இல்லை, உண்ணியும் இல்லை. வலிக்கிற இடத்தைத்தான் அது பார்க்கிறது.

இதை டாக்டர்கள் கோலிக் என்பார்கள். நம் பக்கம் சூலை என்பார்கள், வயிற்று வலி என்பார்கள், 'குடல் பிடிச்சிருச்சு' என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் இது தனி ஒரு நோய் இல்லை, வயிற்றுக்குள் ஏதோ வலிக்கிறது என்பதற்கான பொதுப் பெயர். அது வெறும் காற்றாக இருக்கலாம், அரைமணி நேரத்தில் விட்டுப்போகும். காய்ந்த தீவனம் அடைத்துக்கொண்டிருக்கலாம், மணலாக இருக்கலாம், புழுவாக இருக்கலாம். குடலே முறுக்கிக்கொண்டும் இருக்கலாம், அப்படியென்றால் ஆபரேஷன் இல்லாமல் பிழைப்பதில்லை. தொல்லை என்னவென்றால் முதல் பத்து இருபது நிமிஷத்தில் இவை எல்லாமே வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் 'விடியட்டும் பார்க்கலாம்' என்று போய்ப் படுத்துவிடாதீர்கள் என்று பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. அந்தியூர்ச் சந்தையில் குட்டியாக வாங்கி வந்ததிலிருந்து வீட்டோடு குதிரை வளர்ப்பவன். ஒரு குதிரையை இந்த வலியில் பறிகொடுத்தும் இருக்கிறேன். டாக்டர் வந்து சேர்கிற வரைக்கும் வீட்டில் இருப்பவர் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, இது இரண்டும்தான் இங்கே எழுதப்போவது. வைத்தியம் டாக்டருடைய வேலை.

மாட்டுக்குப் பார்க்கிற வைத்தியம் குதிரைக்கு ஆகாது

நம் ஊர்களில் மாட்டு வைத்தியம் தெரிந்த பெரியவர்கள் நிறைய, குதிரை தெரிந்தவர்கள் குறைவு. கோலிக் வந்த வீட்டில் கூட்டம் கூடியதும் எல்லாரும் மாட்டுக்கு உப்புசம் வந்தால் செய்வதைத்தான் செய்யச் சொல்வார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டும் உள்ளே வேறு வேறு.

மாடு அசை போடும், ஏப்பம் விடும். குதிரைக்கு இரைப்பை ஒன்றே ஒன்று, அதுவும் அந்த உடம்புக்கு ரொம்பச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது என்பதால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வர வேண்டும், அந்த வழி அடைத்துக்கொண்டால் இரைப்பை உப்பி வெடித்தே போகலாம். இரைப்பைக்குப் பின்னால் ஏறக்குறைய 30 மீட்டர் குடல். பெருங்குடல் நல்ல அகலமாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, இடுப்பெலும்புப் பக்கம் வந்ததும் ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பி சட்டென்று குறுகும். திம்பம் மலைப்பாதையில் பாரம் ஏற்றிய லாரி வளைவில் மாட்டிக்கொண்டால் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்குமே, அதே கதைதான். காய்ந்த தீவனம் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். அதோடு பெருங்குடலின் பெரும்பகுதி வயிற்றுச் சுவரில் ஒட்டாமல் தொங்கலாக இருக்கிறது, காற்று நிரம்பினால் இடம் மாறிவிடும், சில சமயம் முறுக்கியும் விடும்.

நல்லா இருக்கும்போதே எண்ணி வையுங்கள்

கோலிக் வந்த ராத்திரியில் நாடி பார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. குதிரை சுகமாக நிற்கிற ஒரு சாயங்காலத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் பழகினால் கை தானாகப் போகும்.

நாடிக்கு, கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்துத் தடவுங்கள். பென்சில் தடிமனுக்குச் சற்றுக் குறைவாக ஒரு குழாய் விரலுக்கு அடியில் உருளும். அதை எலும்போடு சேர்த்து லேசாக அழுத்திக் காத்திருந்தால் துடிப்பு தெரியும். ரொம்ப அழுத்தினால் தெரியாது, இதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கி வைத்தால் இன்னும் சுலபம், இடது முன்னங்காலின் மேல்பக்கம், முழங்கை மூட்டுக்குப் பின்னால், மார்போடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். குதிரையின் இதயம் ஒரு துடிப்புக்கு 'லப்-டப்' என்று இரண்டு சத்தம் போடும், இரண்டையும் சேர்த்து ஒன்றாக எண்ண வேண்டும்.

மூச்சு நிமிஷத்துக்கு 8 முதல் 16. விலா ஏறி இறங்குவதைத் தள்ளி நின்று எண்ணினால் போதும். காய்ச்சல் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது, 99 முதல் 101 டிகிரி சரி. தெர்மாமீட்டரின் வாலில் ஒரு நூல் கட்டி வால்முடியில் கிளிப் போட்டு வையுங்கள், உள்ளே போய்விட்டால் பெரிய வம்பு.

அப்புறம் ஈறு. மேலுதட்டைத் தூக்கி, பல்லுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழையபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈரமாக, வழவழவென்று இருக்க வேண்டும். உங்கள் குதிரையின் ஈறு சாதாரணமாக என்ன நிறம் என்று உங்கள் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும், ஏனென்றால் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் எல்லா ஈறும் வெளுப்பாகத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு குதிரையின் ஈற்றையும் பாருங்கள்.

கடைசியாக வயிற்றுச் சத்தம். பின்னங்கால் தொடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில், இடதும் வலதும், மேலேயும் கீழேயும், மொத்தம் நாலு இடம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிஷமாவது கேட்க வேண்டும். சுகமான வயிறு சும்மா இருக்காது, உருளும், களகளக்கும். வலது மேல்பக்கம் மட்டும் இடைவெளி விட்டு, தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி ஒரு நீளமான சத்தம் வரும். காதை நேராக வைத்தும் கேட்கலாம், ஆனால் வலியில் இருக்கும் குதிரை உதைக்கும், ஸ்டெதாஸ்கோப்தான் நல்லது.

லத்தியும் கணக்கில் சேர்த்தி. நல்ல குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை போடும். காலையில் லாயம் கூட்டுபவரிடம் எத்தனை குவியல் என்று கேட்டுவிடுங்கள். குவியல் குறைந்தாலோ, உருண்டை சின்னதாகிக் காய்ந்து மேலே சளி மாதிரி பூசியிருந்தாலோ, வலி வருவதற்கு முன்னாலேயே வயிறு சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது

முதலில் வருவது பெரும்பாலும் தீனி மறுப்பது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை, கொள்ளு வாளியைப் பார்த்தும் முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு நீங்கள் தூங்கப் போகக் கூடாது. அதற்கடுத்து நான் மேலே சொன்னவை, தரையைப் பிறாண்டுவது, விலாவைப் பார்ப்பது, உதட்டைச் சுருட்டுவது, பின்னங்காலால் அடிவயிற்றை உதைப்பது, நேரமில்லாத நேரத்தில் படுப்பது, எழுவது, மறுபடி படுப்பது. வலி கூடினால் வியர்க்கும், உருளும், நாய் மாதிரி பின்பக்கத்தைத் தரையில் வைத்து உட்காரும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டி, சிறுநீர் கழிக்கப் போவது மாதிரி நின்றுகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் எல்லாரும் 'மூத்திரம் அடைச்சுக்கிச்சு' என்று சொல்லி அதற்கு மருந்து தேடுவார்கள். குதிரைக்கு சிறுநீர் அடைப்பு வருவது அபூர்வம். பத்துக்கு ஒன்பது தடவை அது வயிற்று வலிக்காக நீட்டி நிற்பதுதான், இழுத்துப் பிடித்த வயிற்றுக்கு அப்படி நின்றால் கொஞ்சம் இதமாக இருக்கிறது.

எல்லாக் குதிரையும் கத்தி ஆர்ப்பாட்டம் செய்யாது. மட்டக்குதிரையும் வயசான குதிரையும் ரொம்பப் பொறுக்கும், மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், அவ்வளவுதான் வெளியே தெரியும். அதனால் வலியின் ஆர்ப்பாட்டத்தை விட நாடியை நம்புங்கள். மற்றபடி சினைக் குதிரை என்றால் குட்டி போடும் வலியும் இப்படித்தான் தொடங்கும், குளம்பு வீங்கி வெந்து வலிக்கும் குதிரையும் இப்படிப் படுத்துக்கொள்ளும், இதையெல்லாம் போனிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் அரைமணி நேரம்

தீனியை எல்லாம் எடுத்துவிடுங்கள். தொட்டியில் இருப்பது மட்டுமல்ல, தரையில் சிந்தியது, படுக்கைக்குப் போட்ட வைக்கோல், எல்லாவற்றையும். வலி சற்று விட்டதும் அது வாய் வைத்துவிடும், அடைப்புக்குப் பின்னால் இன்னும் ஒரு பாரம் சேரும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும், குடித்தால் குடிக்கட்டும், வலுக்கட்டாயம் வேண்டாம்.

உடனே நாடி, மூச்சு, ஈறு, வயிற்றுச் சத்தம் பாருங்கள், அடங்கி நின்றால் காய்ச்சலும் பாருங்கள், நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். சில நிமிஷம்தான் ஆகும். அன்றைக்கு நான் எழுதியது இன்னும் இருக்கிறது: 1.40, நாடி 48, மூச்சு 16, ஈறு சிவப்பு ஆனால் ஒட்டுகிறது, இடது பக்கம் சத்தமே இல்லை, வலது லேசாக, லத்தி மத்தியானத்துக்கு அப்புறம் ஒன்றுகூட இல்லை. இதை அப்படியே போனில் படித்தேன். 'குதிரைக்கு முடியலைங்க சார், சீக்கிரம் வாங்க' என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது, தூக்கத்தில் இருப்பவர் காலையில் வருகிறேன் என்றுதான் சொல்வார். எண்ணைச் சொன்னால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இதை நான் பல தடவை பார்த்துவிட்டேன். எண்களோடு குதிரையின் வயசு, எடை உத்தேசமாக எவ்வளவு, நேற்றும் இன்றும் என்ன தின்றது, தீவனம் மாற்றினீர்களா, கடைசியாகக் குடற்புழு மருந்து எப்போது, சினையா இல்லையா, ஏற்கெனவே ஏதாவது ஊசி போட்டீர்களா, இவ்வளவையும் சொல்லிவிடுங்கள்.

நாடி 48-க்குள் இருந்து வலியும் விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் நேரம் இருக்கிறது. 60-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் விஷயம் பெரிசு. 80-க்கு மேல், ஈறு செங்கல் நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறி, அழுத்தினால் 3 வினாடிக்கு மேல் வெளுத்தே இருந்தால், டாக்டர் வருவதற்குள் வண்டிக்கும் சொல்லிவிடுங்கள். வயிறு இரண்டு பக்கமும் மத்தளம் மாதிரி உப்புவது, நாலு இடத்திலும் சத்தமே இல்லாதது, மூக்கு வழியாகப் பச்சைத் தண்ணீர் வருவது, இவையும் அப்படியே. மூக்கில் தண்ணீர் வந்தால் இரைப்பை தளும்புகிறது என்று அர்த்தம், அப்போது தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும்.

நடத்தலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். நடத்தலாம், பத்துப் பதினைந்து நிமிஷம், மெதுவாக, தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு. காற்று இருந்தால் கொஞ்சம் நகரும், உருள்வதிலிருந்து கவனமும் திரும்பும். ஆனால் விடிய விடிய நடத்துவது கொடுமை. வலியில் தண்ணீரும் இல்லாமல் ஏற்கெனவே சோர்ந்துபோன உடம்பை நாம் இன்னும் வாட்டுகிறோம். அமைதியாகப் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும், படுத்தாலே குடல் முறுக்கிக்கொள்ளும் என்பது பழைய பயம், பலநேரம் முறுக்கின குடலின் வலியில்தான் அது உருள்கிறது. உருண்டு சுவரில் இடித்துக்கொள்ளும் என்றால் மட்டும் திறந்த இடத்துக்கு, மண் தரைக்குக் கொண்டுபோங்கள். அடங்காமல் உருளும் குதிரையின் கிட்டே போகவே வேண்டாம், 400 கிலோ உங்கள் மேல் விழுந்தால் வீட்டில் இரண்டு பேருக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் சரி, இதை மறக்க வேண்டாம். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், ஓமத்தண்ணீர், பெருங்காயம், இஞ்சிச்சாறு, சோடா, எதுவாக இருந்தாலும் மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றக் கூடாது. தலை தூக்கியிருக்கும்போது குதிரையால் சரியாக விழுங்க முடியாது, நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். எண்ணெய் இறங்கினால் இன்னும் மோசம், அது வழவழப்பு, இருமலே வராது, நமக்கு நன்றாகக் குடித்துவிட்டது மாதிரி தெரியும். இரண்டு மூன்று நாளில் நுரையீரல் அழுகும். வயிற்று வலி தானாக விட்டுப்போய், ஊற்றின எண்ணெயால் செத்த குதிரை எனக்குத் தெரிந்து பக்கத்து ஊரிலேயே ஒன்று உண்டு. டாக்டரும் பாரஃபின் எண்ணெய் கொடுப்பார்தான், ஆனால் மூக்கு வழியாக நீளக் குழாயை விட்டு, அது இரைப்பைக்குள்தான் போயிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு கொடுப்பார். அந்தக் குழாயை நாமே விட்டுப் பார்ப்பதும் அதே ஆபத்து.

வயிற்றைக் குத்திக் காற்றை விடுகிறேன் என்று யாராவது ஊசியோடு வந்தால் தடுத்துவிடுங்கள். மாட்டுக்கு இடது பக்கம் குத்துவது இரைப்பையில். குதிரையில் அந்த இடத்தில் இருப்பது குடல், உள்ளே கசிந்தால் வயிறு முழுக்கச் சீழ் பிடிக்கும். டாக்டர்களே ரொம்ப அரிதாக, வலது பக்கம், கழுவி முடி மழித்துச் செய்கிற வேலை அது.

வலி ஊசி வீட்டில் இருக்கிறது என்றாலும் டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். ஃப்ளூனிக்சின் நல்ல மருந்து, அதனால்தான் ஆபத்து. குடல் முறுக்கியிருந்தாலும் சில மணி நேரம் வலியை மறைத்துவிடும், நாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும் நேரத்தில் உள்ளே குடல் செத்துக்கொண்டிருக்கும். டாக்டர் வந்து பார்த்தாலும் நாடி குறைவாகவே காட்டும். அதைக் கழுத்துச் சதையில் போட்டால் அந்தச் சதையே அழுகிப்போகும் கிருமித்தொற்று வர வாய்ப்பு உண்டு, நரம்பில்தான் போட வேண்டும், குதிரைக் கழுத்தில் நரம்புக்குப் பக்கத்திலேயே ரத்தக்குழாய் இன்னொன்று ஓடுகிறது, தவறி அதில் ஏறினால் நின்ற இடத்திலேயே விழும். போட்டுவிட்டீர்கள் என்றால் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக் என்கிற வலி ஊசியைத் தொடவே வேண்டாம். அது ஏறிய கால்நடைகளின் பிணத்தைத் தின்று கழுகுகள் செத்ததால் 2006-லேயே கால்நடைக்கு அதைத் தடை செய்தாயிற்று, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கிற பிணந்தின்னிக் கழுகுகளுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருக்கிற நாம் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வலி சட்டென்று நின்றால்

முன்னே எங்களிடம் ஒரு சாம்பல் நிற ஆண்குதிரை இருந்தது. ஒரு நாள் மத்தியானம் தொடங்கி ராத்திரி பத்து மணி வரை உருண்டு புரண்டது. நாங்கள் நடத்தினோம், பெரியவர்கள் சொன்னதையெல்லாம் செய்தோம், டாக்டருக்கு எட்டு மணிக்கு மேல்தான் சொன்னோம். பத்தேகாலுக்கு அது திடீரென்று அடங்கியது. எழுந்து நின்றது, பிறாண்டவில்லை, உதைக்கவில்லை. எல்லாரும் சாமியைக் கும்பிட்டுவிட்டு டீ போடச் சொன்னோம். கிட்டே போய்க் கழுத்தைத் தொட்டேன், வியர்வை சில்லென்று இருந்தது. காதும் சில். தொடைச் சதை மட்டும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு நாவல்பழ நிறம். உள்ளே வெடித்துவிட்டது, அதனால்தான் வலி நின்றது என்றார். வெடித்த பிறகு அந்த இழுவிசை இல்லை. மூன்று மணிக்குப் போய்விட்டது.

அதனால் வலி அடங்கியதும் சந்தோஷப்படுவதற்கு முன் நாடியும் ஈறும் பாருங்கள். வலி குறையும்போது நாடியும் இறங்கி, ஈறு ஈரமாகி, வயிறு சத்தம் போட்டு, லத்தியும் வந்தால் அது உண்மையான சுகம். வலி மட்டும் நின்று நாடி ஏறிக்கொண்டே போனால் அது சுகம் இல்லை.

டாக்டர் வந்த பிறகு

அவருக்கு வெளிச்சமும், இரண்டு வாளி தண்ணீரும், குதிரையைப் பிடிக்கத் தைரியமான ஒரு ஆளும் வேண்டும். மூக்குவழிக் குழாய் விட்டு இரைப்பையில் தேங்கியதை வெளியே எடுப்பார், கையுறை போட்டு ஆசனவாய் வழியாகக் குடலைத் தடவிப் பார்ப்பார், தேவைப்பட்டால் அடிவயிற்றிலிருந்து ஊசியில் நீர் எடுத்துப் பார்ப்பார், அது தெளிந்த மஞ்சளாக இருந்தால் நல்லது, ரத்தம் கலந்திருந்தால் கெட்டது. எங்கள் செவலைக்கு அடைப்பு அந்தக் கொண்டை ஊசி வளைவில்தான் இருந்தது. மழையில் குளிர்ந்த தண்ணீரை இரண்டு நாளாகச் சரியாகக் குடிக்கவில்லை, காய்ந்த தட்டு மட்டும் தின்றிருக்கிறது. குழாய் வழியாக 4 லிட்டர் பாரஃபின், நரம்பு வழியாகக் குளுக்கோஸும் உப்புநீரும், ஒரு வலி ஊசி. மறுநாள் சாயங்காலம் நாலரைக்கு முதல் லத்தி விழுந்தது, எண்ணெய் மினுக்கத்தோடு. அதைக் கையில் எடுத்துப் பார்த்து நான் அழுதேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊசி போட்டும் ஒரு மணி இரண்டு மணியில் வலி திரும்பினால், இனி வீட்டில் வைத்திருப்பதில் பயனில்லை. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் உண்டு. எங்கே கொண்டுபோவது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே, குதிரை நன்றாக இருக்கும்போதே, கேட்டு வையுங்கள். முறுக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது, சில மணி நேரம்தான் தாங்கும், அந்த நேரத்தை விசாரிப்பதில் செலவழிக்கக் கூடாது. செலவும் பெரியது. ஆபரேஷன் வரை போக முடியாது என்றால் அதையும் டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். வலியோடு இரண்டு நாள் இழுக்க விடுவதை விட அவர் ஊசியில் முடித்துவைப்பது அந்த ஜீவனுக்கு நாம் செய்யும் கடைசி நன்றி.

சரியாகிவிட்டால் அவசரப்பட்டுத் தீனி போடாதீர்கள். லத்தி வந்து டாக்டர் சரி என்ற பிறகு இரண்டு மணிக்கொரு தடவை இளம் பச்சைப்புல் ஒரு கைப்பிடி, மறுநாள் கொஞ்சம் கூட்டி, தானியம் மூன்று நாளைக்கு வேண்டவே வேண்டாம்.

எதனால் வருகிறது

நம் பக்கம் நான் பார்த்தவரைக்கும் தீவனம்தான் முதல் காரணம். சட்டென்று மாற்றுவது, ஒரே வேளையில் நிறைய வைப்பது. எந்த மாற்றமும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். கொள்ளு நல்லதுதான், ஊறவைத்துக் கொடுங்கள், ஒரு வேளைக்கு எல்லாத் தானியமும் சேர்ந்து 400 கிலோ குதிரைக்கு ஒன்றரை கிலோவைத் தாண்ட வேண்டாம். மிச்ச வயிறு புல்லாலும் தட்டாலும் நிரம்ப வேண்டும், காய்ந்த கணக்கில் நாளைக்கு 6 கிலோவாவது. குதிரைமசால் பெயரிலேயே குதிரை இருக்கிறது என்று ஈரமாக வெட்டி வந்து குவித்துவிடாதீர்கள், வயிற்றில் பொங்கிக் காற்றுக் கட்டும், வாட்டிக் கலந்து போடுங்கள். வெறும் நெல் வைக்கோலை நம்பி வளர்க்கவும் வேண்டாம். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயிலுக்கும் போகும் குதிரை என்றால் கூட்டத்தில் ஆளாளுக்குச் சோறும் பொங்கலும் வெல்லமும் ஊட்டுவார்கள், பிடிப்பவர் கண்டிப்பாக இருக்க வேண்டும், சோறு இரைப்பையில் உப்பும்.

கோழித் தீவனத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். பிராய்லர் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்காக மோனென்சின், சாலினோமைசின் என்று மருந்து கலப்பதுண்டு. கோழிக்கு ஒன்றும் ஆகாது. மாட்டைக் கொல்லும் அளவில் பத்தில் ஒரு பங்கே குதிரையைக் கொல்லப் போதும், இதயத் தசையையே அரித்துவிடும், மாற்று மருந்து கிடையாது. முதலில் தீனி மறுத்து வியர்த்துப் பிறாண்டி அச்சு அசல் கோலிக் மாதிரியே தெரியும். பண்ணை பக்கத்தில் இருக்கிறது, மிச்சத் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு படிகூட வாங்கி வைக்காதீர்கள், காலியான மூட்டையில் கொள்ளு கொட்டி வைப்பதும் வேண்டாம்.

தண்ணீர் நாளைக்கு 25 முதல் 45 லிட்டர், சித்திரையில் அதற்கும் மேல். வாளியை அளந்து ஊற்றுங்கள், அப்போதுதான் குறைந்தது தெரியும். மழையிலும் மார்கழிக் குளிரிலும் வெதுவெதுப்பாக வையுங்கள், கொஞ்சம் உப்பு நக்கக் கொடுத்தால் தானாகக் குடிக்கும். மணல் தரையில் தீனி போடாமல் தொட்டியில் போடுங்கள். சந்தேகம் இருந்தால் நாலைந்து லத்தியைக் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் விட்டுக் கரைத்து அரைமணி வையுங்கள், அடியில் மணல் படிந்தால் தெரியும். பல்லை வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள், மெல்ல முடியாத குதிரை முழுசாக விழுங்கும். குடற்புழுவுக்கு லத்தியைப் பரிசோதித்து, குதிரை எடைக்குக் கணக்குப் பார்த்து மருந்து.

எங்கள் லாயத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். மேலே செவலையின் சுகமான நாளின் எண்கள்: நாடி 36, மூச்சு 12, காய்ச்சல் 99.6. அதற்குக் கீழே குதிரை பார்க்கிற டாக்டர்கள் இரண்டு பேரின் எண், கால்நடை ஆம்புலன்ஸ் 1962. ஆணியில் ஸ்டெதாஸ்கோப்பும் டார்ச்சும் தொங்குகின்றன, பக்கத்தில் நூல் கட்டின தெர்மாமீட்டர். கடைசி வரியில் மினி லாரி வைத்திருக்கும் தம்பியின் எண். எந்நேரம் கூப்பிட்டாலும் வருகிறேன் அண்ணா என்று சொல்லியிருக்கிறார், குதிரை ஏறுகிற பலகையை இப்போது அவர் வண்டியிலேயே போட்டு வைத்திருக்கிறோம், மாதத்துக்கு ஒரு தடவை செவலையை அதில் ஏற்றி இறக்கிப் பழக்குகிறோம்.